60-க்கு 78: போரில் அடிபட்டு வந்தவருக்கு ஒரு குயில்ட்

குயில்ட்டின் அளவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் அங்கேதான் தடுமாறுகிறார்கள். 55-க்கு 65 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 72-க்கு 90-ஐத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் போரின் பாதிப்பை அனுபவித்த படைவீரர்களுக்கும் முன்னாள் வீரர்களுக்கும் குயில்ட் தைத்து வழங்குகிற குயில்ட்ஸ் ஆஃப் வேலர் ஃபவுண்டேஷன் வைத்திருக்கும் கணக்கு இது. அவர்கள் மிகவும் விரும்புவது 60-க்கு 80. மடியில் விரித்துக்கொள்ளும் துண்டுத் துணி அல்ல இது. ஆறடி ஆள் சோபாவில் சாய்ந்தபடி தாடையிலிருந்து பாதம் வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். மேலே துண்டு துண்டாக இணைத்த பருத்தித் துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி, மூன்றையும் ஊடுருவிப் பிடிக்கிற தையல். இவ்வளவுதான் குயில்ட்.

நான் பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். இப்போது டெக்சாஸில், சான் அன்டோனியோவில் மகள் வீட்டோடு இருக்கிறேன். இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ராணுவம். ப்ரூக் ஆர்மி மெடிக்கல் சென்டர் என்கிற ராணுவ மருத்துவமனை இங்கேதான், ராணுவத்தின் தீக்காய சிகிச்சை மையம் இங்கேதான், கை கால் இழந்தவர்களுக்காக 2007-இல் திறந்த சென்டர் ஃபார் தி இன்ட்ரெபிட்டும் இங்கேதான். மளிகைக் கடை வரிசையில் நமக்கு முன்னால் நிற்கிற பையன் அரைக்கால் சட்டைக்குக் கீழே உலோகக் காலோடு நிற்பான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் வாராவாரம் குயில்ட்ஸ் ஆஃப் வேலரின் தையல் குழு ஒன்றில் உட்காருகிறேன். நம் பெண்கள் சிலர் எப்படிச் சேருவது, என்ன துணி வாங்குவது, எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

இந்த அமைப்பு தொடங்கியது 2003-இல், டெலவேர் மாநிலத்தின் சீஃபர்ட் என்கிற ஊரில். கேத்தரின் ராபர்ட்ஸ் என்ற பெண்மணியின் மகன் அப்போது ஈராக்கில் ராணுவ வண்டியில் துப்பாக்கிக்காரனாக இருந்தான். அவர் கண்ட கனவில் ஓர் இளைஞன் நடு ராத்திரியில் கட்டில் விளிம்பில் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறான். அடுத்த காட்சியில் அவன் தோளில் ஒரு குயில்ட், முகம் தெளிந்திருக்கிறது. அந்த வருஷம் நவம்பரிலேயே வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் மின்னசோட்டாவைச் சேர்ந்த, கால் இழந்த ஓர் இளம் வீரருக்கு முதல் குயில்ட் போய்ச் சேர்ந்தது. இதுவரை 3 லட்சத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். தலைமையகம் அயோவா மாநிலத்தில் விண்டர்செட்டில் இருக்கிறது.

சேருவது சுலபம். அவர்கள் இணையதளத்தில் உங்கள் மாநிலத்தைத் தேடினால் அருகிலுள்ள குழுக்கள் வரும். நூலக அறை, தேவாலயக் கூடம், துணிக்கடையின் பின்புறம் என்று எங்காவது கூடுவார்கள். தைக்கவே தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ‘அண்டர் அவர் விங்ஸ்’ என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். பிப்ரவரி முதல் சனிக்கிழமை நாடு முழுவதும் தையல் நாள். முதல்முறை எட்டிப் பார்க்க நல்ல நாள் அது. ஊசியே பிடிக்க மாட்டேன் என்கிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. இஸ்திரி போட ஆள் எப்போதும் குறைவு. எங்கள் குழுவில் ராணுவத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார், துணி வெட்டுவதோடு சரி, தைக்க மாட்டார். அவர் வெட்டிய பட்டியை நான் திரும்ப அளந்து பார்த்ததில்லை.

இதைப் பெண்கள் வேலை என்று நினைத்து வீட்டு ஆண்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். 1856-இல் தாமஸ் உட் என்கிற ஓவியர் வரைந்த படம் ஒன்று உண்டு: கிரிமியப் போரில், இங்கர்மன் சண்டையில் தலையில் அடிபட்ட தாமஸ் வாக்கர் என்ற பிரிட்டிஷ் சிப்பாய், மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து வண்ணத் துண்டுகளை இணைத்துத் தைத்துக்கொண்டிருப்பார். கிரிமியப் போர்க் காலத்திலேயே ராணுவச் சீருடைத் துணியில் வீரர்கள் போர்வை தைத்திருக்கிறார்கள்.

துணி விஷயம்

நூற்றுக்கு நூறு பருத்தி. அதுவும் குயில்ட் கடையில் கிடைக்கிற, நெருக்கமாக நெய்த பருத்தி. பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து அடித்துணி போடலாமா என்று கேட்பார்கள், கூடாது. ஃப்ளீஸ், மிங்கி போன்ற வழவழப்புத் துணிகளும் வேண்டாம். நம் வீட்டில் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த போர்வையில் தூங்கி வளர்ந்தவள்தான் நானும், அந்தச் சுகம் தெரியும். ஆனால் அது நம் வீட்டுப் பிள்ளைக்கு நாம் தருவது. இது ஒரு நாட்டுக்காகப் போய் வந்தவருக்கு மரியாதையாக வழங்குவது, தானம் செய்வதல்ல. அதனால் புதுத் துணி. அமைப்புக்காரர்கள் ‘கொடுத்தோம்’ என்று சொல்ல மாட்டார்கள், ‘வழங்கினோம்’ என்றுதான் சொல்வார்கள், ஒரு பதக்கத்தைச் சொல்வது மாதிரி.

நிறம் சிவப்பு, வெள்ளை, நீலம் என்றால் எவரும் ஏற்றுக்கொள்வார்கள். கட்டாயமில்லை, ஆனால் பெறுகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். தேசியக் கொடியையே முழுசாகப் போர்வையாக்காதீர்கள். கொடியை உடுப்பாகவோ படுக்கையாகவோ பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கக் கொடிச் சட்டம் சொல்கிறது. நட்சத்திரம், கோடு தாராளமாக வரலாம். துப்பாக்கி, டாங்கி, ஹெலிகாப்டர், வாணவேடிக்கை அச்சிட்ட துணிகளைக் கடையில் ‘தேசபக்தி’ வரிசையில் அடுக்கியிருப்பார்கள். நான் வாங்க மாட்டேன். ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்து வெடிச் சத்தத்துக்குக் குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் இருக்கிற நாட்டில், அந்த வெடியை அவர் மடியில் விரிப்பானேன்?

எங்கள் குழுவில் புதியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ரெயில் ஃபென்ஸ் என்கிற பழைய குயில்ட் வடிவம். மூன்று நிறப் பட்டிகள், அவ்வளவே. அதற்கு வேண்டியது: நீலம், வெள்ளை, சிவப்பு ஒவ்வொன்றிலும் ஒன்றேகால் கெஜம் போதும், ஆனால் கடைக்காரர் கோணலாக வெட்டிக் கொடுத்தால் கைக்கடியாகும், ஒன்றே மூன்றில் ஒரு கெஜமாகக் கேளுங்கள். சுற்றுக்கரைக்கு முக்கால் கெஜம். ஓரப்பட்டிக்கு மூன்றில் இரண்டு கெஜம். அடித்துணிக்கு 5 கெஜம்; 108 அங்குல அகலத்தில் அடித்துணிக்கென்றே வருவதை வாங்கினால் 2 கெஜத்தில் முடிந்துவிடும், நடுவில் இணைப்புத் தையலும் இராது. பஞ்சு விரிப்பு 72-க்கு 90 பொட்டலம் ஒன்று, மெல்லிசானது. தலையணை மாதிரி உப்பியது வேண்டாம். கெஜம் 12, 13 டாலர் என்று வைத்துக்கொண்டால் துணி மட்டும் 130 டாலரைத் தொடும். தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்குங்கள். குழுவில் சேர்ந்துவிட்டால் நன்கொடையாக வந்த துணி பெட்டி பெட்டியாக இருக்கும், கையைவிட்டுச் செலவழிக்க வேண்டியிராது.

கால் அங்குலம்

ரவிக்கை தைத்துப் பழகிய கைக்கு இங்கேதான் சிக்கல். நாம் பக்கத் தையலில் ஓர் அங்குலம் உள்ளே விட்டு வைப்போம். பிள்ளை பெற்று உடம்பு போட்டால் பிரித்துத் தர வேண்டுமே. குயில்ட்டில் பிரித்துவிடும் வேலை இல்லை. எல்லாத் தையலுக்கும் கால் அங்குலம், ஒரு நூல் கூடாமல் குறையாமல். ஒவ்வொரு தையலிலும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தவறினால் இரண்டு பக்கமும் சேர்ந்து எட்டில் ஒரு பங்கு காணாமல் போகிறது. நம் வடிவத்தில் ஒரு வரிசைக்கு 11 தையல். கூட்டிப் பார்த்தால் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் சுருங்கிவிடும்.

உங்கள் மெஷின் சரியாகத் தைக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று துண்டுப் பட்டிகள் வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் தைத்து இஸ்திரி போடுங்கள். நடுப் பட்டி சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் உள்ளே போகிறது, கூடினால் வெளியே. ஊசி இருக்கும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்தி, மெஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டி எல்லை வைத்துக்கொள்ளுங்கள். 80/12 ஊசி, புதுசாக. பருத்தி நூல். தையல் நீளம் 2 முதல் இரண்டரை மில்லிமீட்டர்.

ஒவ்வொரு நிறத்திலும் மூன்றரை அங்குல அகலத்தில் 12 பட்டிகள் வெட்டுங்கள், துணியின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை. கத்தரிக்கோல் வேண்டாம். உருளும் பிளேடு, அடியில் பாய், மேலே அங்குலக் கோடு போட்ட கண்ணாடி ஸ்கேல். அந்த பிளேடு சதையையும் அதே சுகத்தில் வெட்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னால் மூடி வைக்கிற பழக்கம் முதல் நாளே வர வேண்டும். கடைசிவரைக்கும் ஒரே ஸ்கேலை வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி கோட்டின் தடிமன் வேறு.

நீலம், வெள்ளை, சிவப்பு, இந்த வரிசையில் மூன்றையும் நீளவாக்கில் இணைத்தால் ஒரு தொகுதி. 12 தொகுதி வரும். இரண்டு தையலையும் வெள்ளையை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். வெள்ளைக்கு அடியில் சிவப்பு மடிந்திருந்தால் மேலே நிழல் தட்டும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள், இழுத்தால் பட்டி வில்லாக வளையும்.

இப்போது தொகுதியின் அகலத்தை அளக்க வேண்டும். ஒன்பதரை அங்குலம் இருந்தால் ஒன்பதரைக்கு ஒன்பதரை சதுரமாக வெட்டுங்கள், ஒரு தொகுதிக்கு 4 சதுரம், மொத்தம் 48. ஒன்பதேகால்தான் இருக்கிறது என்றால் கலங்க வேண்டாம், 48-ஐயும் ஒன்பதேகாலாகவே வெட்டிவிடுங்கள். தொகுதி என்ன சொல்கிறதோ அதுதான் அளவு. காகிதத்தில் இருக்கிற அளவுக்கு வெட்டி, அகலம் குறைந்த சதுரத்தைப் பக்கத்துச் சதுரத்தோடு இழுத்துப் பிடித்துத் தைத்தால் முழுக் குயில்ட்டும் கோணும்.

தரையில் 6 பத்தி, 8 வரிசையாகப் பரப்புங்கள். ஒன்றில் பட்டிகள் நின்றால் அடுத்ததில் படுக்க வேண்டும். சிவப்பும் நீலமும் படிக்கட்டு படிக்கட்டாக மூலையிலிருந்து இறங்கி வரும். எட்டி நின்று பாருங்கள், அல்லது செல்போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்புகிற திருப்பம் படத்தில் உடனே தெரியும். இந்த வடிவத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், சதுரங்களை இணைக்கும்போது மூலைகள் மட்டும் பொருந்தினால் போதும், நடுத் தையல் எதுவும் எதனோடும் சேர வேண்டியதில்லை. முதல் குயில்ட்டிலேயே கூர்முனை நட்சத்திரம் வேண்டும் என்று ஆரம்பிக்கிறவர்களின் துணி அலமாரிக்குள் போய் அங்கேயே இருந்துவிடுகிறது.

இணைத்து முடித்தால் 54-க்கு 72, சுற்றிலும் தையல் விளிம்பு தனி. சுற்றுக்கரைக்கு மூன்றரை அங்குலப் பட்டி 7 வெட்டி நீளமாக இணைத்துக்கொள்ளுங்கள். பட்டியை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய்க் கடைசியில் வெட்டுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இங்கே அது ஆகாது. கரை அலை அலையாகப் போகும். குயில்ட்டின் நடு வயிற்றில் மேலிருந்து கீழ் அளந்து, இரண்டு பக்கத்துக்கும் அதே நீளத்தில் பட்டி வெட்டி, நடுவையும் முனைகளையும் குண்டூசியால் பொருத்திவிட்டுத் தையுங்கள். பிறகு மேலும் கீழும் அதே மாதிரி. இதோ 60-க்கு 78.

மூன்று அடுக்கும் ஒரு தையலும்

நூலால் அங்கங்கே முடிச்சுப் போட்டு மூன்று அடுக்கையும் பிடிக்கிற முறையை அமைப்பு ஏற்பதில்லை. ஊடுதையல் கட்டாயம், கையிலோ மெஷினிலோ. வீட்டு மெஷினில் செய்ய ‘வாக்கிங் ஃபுட்’ என்கிற பாதம் வாங்குங்கள். மேல் துணியையும் அடித்துணியையும் ஒரே வேகத்தில் நகர்த்தும். அடித்துணியைத் தரையில் இறுக்கமாக டேப் ஒட்டி, பஞ்சை விரித்து, மேல்துணியைப் போட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாகச் சேஃப்டி பின் குத்துங்கள். குத்துவதற்கு முன் பின்களை எண்ணிக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு மறுபடி எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் தேடி எடுக்கும்வரை அந்தக் குயில்ட் வெளியே போகக் கூடாது. காலில் உணர்வே இல்லாத ஒருவர் அதைப் போர்த்திக்கொள்ளப் போகிறார் என்பதை மறக்க வேண்டாம். பட்டன், மணி, உலோகம், ஒட்டுப் பசை எதுவும் வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பதும் இதனால்தான். தீக்காயம் ஆறிய தோலுக்கு ஒரு தடித்த நூல் முடிச்சுகூடப் பெரிய விஷயம்.

நேர்க்கோட்டுத் தையல் போதும். நடுவிலிருந்து வெளியே போங்கள். கோட்டுக்குக் கோடு எவ்வளவு தூரம் விடலாம் என்று பஞ்சுப் பொட்டலத்தில் எழுதியிருக்கும். நான் அவர்கள் அனுமதிப்பதைவிட நெருக்கமாக, நாலு அங்குலத்துக்குள் போடுவேன்.

பெரிய மெஷின் வைத்துக் கூலிக்குத் தைத்துத் தரும் லாங்ஆர்ம் ஆட்கள் உண்டு. சதுர அங்குலத்துக்கு 2 சென்ட் என்றால் இந்த 60-க்கு 78-க்கு 94 டாலர் ஆகும். அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் அமைப்பிடம் கேளுங்கள். இலவசமாகத் தைத்துத் தரும் லாங்ஆர்ம் தன்னார்வலர்களோடு உங்களை இணைத்துவிடுவார்கள். மேல்துணியையும் அடித்துணியையும் நீங்கள் அனுப்பி, தபால் செலவை ஏற்றுக்கொண்டால் சரி. அடித்துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக, அதாவது 68-க்கு 86 இருக்க வேண்டும். நன்றாக இஸ்திரி போட்டு, நூல் பிசிறுகளை வெட்டி, எது மேல்பக்கம் என்று ஒரு சீட்டுக் குத்தி அனுப்புங்கள். இலவசம்தானே என்று கசங்கலாகச் சுருட்டி அனுப்புகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

ஓரப்பட்டி நம் ஆட்டம். ரவிக்கைக் கழுத்துக்குப் பைப்பிங் வைத்த கைக்கு இது விளையாட்டு. கிராஸ் பட்டி தேவையில்லை, நேர்ப்பட்டியே போதும்: இரண்டரை அங்குலத்தில் 8 பட்டி, சாய்வாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி. முன்பக்க ஓரத்தில் கால் அங்குலத்தில் தைத்து, மூலைக்குக் கால் அங்குலம் முன்னால் நிறுத்தி, பட்டியை மேலே மடக்கிக் கீழே இறக்கினால் மூலை தானாக விழும். பின்பக்கம் திருப்பி ஹெம்மிங் போடலாம். ஆனால் முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ இருப்பவருக்குப் போகிற குயில்ட் என்று தெரிந்தால் ஹெம்மிங் வேண்டாம், மெஷினிலேயே அடித்துவிடுங்கள். அந்த இடங்களின் சலவை இயந்திரம் யாருடைய கைத்தையலையும் மதிக்காது.

பெயர்ச்சீட்டு

பின்பக்க மூலையில் துணியில் எழுதிய சீட்டு இல்லாமல் அமைப்பு ஏற்றுக்கொள்ளாது. அதில் ‘குயில்ட் ஆஃப் வேலர்’ என்ற வார்த்தை, பெறுகிறவர் பெயர், மேல்துணி தைத்தவர், ஊடுதையல் போட்டவர், ஓரம் கட்டியவர், ஊர். அழியாத மையில் எழுதி, இஸ்திரி வைத்துச் சூட்டில் பிடிக்கவிட்டு, ஓரப்பட்டிக்குள் இரண்டு பக்கம் மாட்டும்படி தைத்துவிடுங்கள். நம் பெண்கள் இங்கே வெட்கப்படுகிறார்கள்: என் பேர் எதுக்கு, புண்ணியத்துக்குச் செய்தது என்பார்கள். எழுதத்தான் வேண்டும்.

நான் இதற்குச் சொல்கிற உதாரணம் சிங்கப்பூர் சாங்கி சிறை. 1942-இல் ஜப்பானியர் அங்கே அடைத்து வைத்திருந்த பெண்களிடம் எதெல் மல்வனி என்ற கனடாக்காரப் பெண்மணி துணித் துண்டுகளைக் கொடுத்து, ஆளுக்கொரு சதுரம் பூத்தையல் போடச் சொன்னார். 66 சதுரத்துக்கு ஒரு குயில்ட். மொத்தம் மூன்று குயில்ட். காயம்பட்டவர்களுக்கு என்று சொல்லி ராணுவ மருத்துவமனைக்கு அனுப்ப அனுமதி வாங்கினார்கள். மூன்றில் ஒன்று ஜப்பானியக் காயக்காரர்களுக்கே. சதுரங்களில் பெண்கள் தங்கள் பெயரைத் தைத்திருந்தார்கள். வேறு முகாமில் கிடந்த கணவன்மாருக்கு, நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று சேதி போனது அந்தப் பெயர்களால்தான். அவற்றில் இரண்டு கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. ஆகவே பெயரை எழுதுங்கள். தமிழிலும் ஒரு வரி எழுதலாமா என்று கேட்டால், எழுதுங்கள், யாரும் தடுக்கவில்லை. நான் எழுதுகிறேன்.

கொடுப்பதற்கு முன் ஒருமுறை துவைத்தே ஆக வேண்டும். மதுரைச் சுங்குடியைத் துவைத்தவர்களுக்குச் சிவப்பைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. குளிர்ந்த நீர், சாயம் உறிஞ்சும் தாள் இரண்டு மூன்று, வாசனை இல்லாத சோப்பு, மிதமான சூட்டில் உலர்த்தல். சாயம் போனால் வெள்ளைப் பட்டி இளஞ்சிவப்பாகும் முன், ஈரத்தோடேயே மறுபடி துவையுங்கள். உலர்த்தியில் காய்ந்துவிட்டால் பிறகு போகாது. பருத்திப் பஞ்சு கொஞ்சம் சுருங்கும், இரண்டு மூன்று அங்குலம் குறையும், அது கணக்கில் உள்ளதுதான். வீட்டில் நாய் பூனை இருந்தால் ரோம உருளையால் ஒருமுறை இழுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, தாளிப்பு வாசனை நமக்குத் தெரியாது, ஆனால் துணிக்குத் தெரியும். துவைத்ததும் மூடிய பையில் போட்டுவிடுங்கள். மிச்சத் துணியில் தலையணை உறை மாதிரி ஒரு பை தைத்துவிட்டால் வழங்குவதற்கும் அதுவே ஆகும்.

வழங்குகிற நாள்

யாருக்குப் போகும் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை. எவரும் ஒரு வீரரின் பெயரை இணையதளத்தில் பரிந்துரைக்கலாம். பட்டியல் நீளம், காத்திருப்பும் நீளம். வாழ்நாளில் ஒருவருக்கு ஒன்றுதான். உங்களுக்குத் தெரிந்தவருக்கே தைக்கிறீர்கள் என்றால், அதையும் பரிந்துரையாகப் பதிந்துவிட்டுச் செய்யுங்கள். அவர் சக்கர நாற்காலியில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியென்றால் 55-க்கு 65-ஐ ஒட்டியே தைப்பேன், தொங்குகிற ஓரம் சக்கரத்தில் சிக்கும். முன்னாள் வீரர்களுக்கான அரசுத் துறையின் (வி.ஏ.) மருத்துவமனைக்கு நேரே மூட்டையோடு போய் நிற்காதீர்கள். அங்கே தன்னார்வலர்களுக்கென்று அலுவலகம் உண்டு, முதலில் அங்கே பேச வேண்டும்.

வழங்கும்போது குழுத் தலைவர் மூன்று விஷயம் சொல்வார்: உங்கள் சேவையை மதிக்கிறோம், சுதந்திரத்துக்கு நீங்கள் கொடுத்த விலை எங்களுக்குத் தெரியும், இது உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும். பிறகு தோளைச் சுற்றிப் போர்த்துவார்கள். போர்த்தலாமா என்று கேட்டுவிட்டுப் போர்த்துங்கள், முகத்துக்கு எதிரே நின்று கேளுங்கள். பின்னாலிருந்து திடீரென்று தோளில் கை விழுவது சிலருக்கு ஆகவே ஆகாது. புகைப்படத்துக்கும் அனுமதி கேட்க வேண்டும்.

அங்கே என்ன நடந்தது, எத்தனை பேரைச் சுட்டீர்கள், கால் எப்படிப் போயிற்று: இதையெல்லாம் கேட்கவே கூடாது. நம் ஆட்கள் அக்கறையில் கேட்டுவிடுவார்கள். நம் ஊரில் துக்க வீட்டுக்குப் போனால் எப்படி ஆச்சு என்று கேட்பதுதானே மரியாதை. இங்கே பேசுவதும் பேசாததும் அவர் இஷ்டம். எந்த ஊர், எந்தப் படைப்பிரிவு, எந்த வருஷங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வியட்நாம் போருக்குப் போனவர்கள் நிறைய வருவார்கள், எழுபது எண்பது வயது. திரும்பி வந்தபோது வரவேற்க ஆளில்லாமல், சில ஊர்களில் ஏச்சும் வாங்கியவர்கள். அவர்களிடம் ‘வெல்கம் ஹோம்’ என்று சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கா அந்தப் போரில் செய்தது சரியா என்பதில் எனக்கு என் கருத்து இருக்கிறது; தையல் கூடத்துக்கு அதை எடுத்துப் போவதில்லை. இறந்துபோன வீரரின் குடும்பத்துக்கு என்றால் அது வேறு அமைப்புகளின் வேலை. ஹோம் ஆஃப் தி பிரேவ் என்ற குயில்ட் அமைப்பு, அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் சானிட்டரி கமிஷன் என்கிற தொண்டு அமைப்பு காயக்காரர்களுக்கு அனுப்பிய பழைய போர்வைகளின் மாதிரியில் அதைச் செய்து வந்திருக்கிறது. அந்தப் பழைய போர்வைகள் மருத்துவமனைக் கட்டில் அளவுக்கு ஒடுங்கலாக, சுமார் 7 அடி நீளம், 4 அடி அகலம்.

அலமாரியில் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று சொல்கிறவர்களிடம் நான் அங்கேயே மறுத்துவிடுவேன். தினமும் போர்த்துங்கள், காபி சிந்தட்டும், நாய் ஏறிப் படுக்கட்டும், அழுக்கானால் மெஷினில் போடுங்கள், ஓரம் பிய்ந்தால் சீட்டில் இருக்கிற ஊருக்கு அனுப்புங்கள், தைத்துத் தருகிறோம். எங்கள் குழு அப்படித் திரும்பி வந்த ஓரங்களைத் தைத்துக் கொடுத்திருக்கிறது. நன்றிக் கடிதம் எதிர்பார்க்காதீர்கள். வரும்போது வரும், பல நேரம் வராது. வீட்டுக்கு வந்ததும் குயில்ட்டின் படம், அளவு, வழங்கிய தேதி மூன்றையும் குழுப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். மிச்சமான பட்டிகளை இரண்டரை அங்குலமாகத் திருத்தி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், அடுத்த குயில்ட்டின் ஓரத்துக்கு ஆகும்.